சாவிக்காரரின் மழைக்கோட்டு

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பேராசிரியை கதவைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே சாத்திவிட வேண்டும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. வாசலில் சாவிக்காரரின் மனைவி நின்றிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. பையின் வாயில் இருமல் மருந்துப் பாட்டிலின் மூடி எட்டிப் பார்த்தது.

"மேடம், உங்க தங்கச்சியைப் பாக்கணும். உடைஞ்ச பூட்டைப் பாத்தே உண்மையைக் கண்டுபிடிப்பாங்கன்னு அவரு சொல்லியிருக்காரு," என்றாள் அவள். பேராசிரியையின் முகத்தைப் பார்க்காமல் கதவின் கைப்பிடியைப் பார்த்துச் சொன்னாள்.

சாவிக்காரர் என்பது கல்லூரிப் பிள்ளைகள் வைத்த பெயர். குற்றவியல் துறையில் அலுவலக உதவியாளர் அவர். இருபது வருடத்துக்கு முன்னால் வீடுகளில் பூட்டுத் திறந்து திருடியதற்காக நாலு வருடம் சிறையில் இருந்தவர். வெளியே வந்தபின் அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே பேராசிரியைதான். வருடத்துக்கு ஒரு முறை அவரைத் தன் வகுப்புக்கு அழைத்து மாணவர்கள் முன்னால் நிறுத்துவாள். "நான் ஏன் திருடினேன்" என்று அவர் பத்து நிமிடம் பேசுவார். பிறகு ஒரு வளைந்த கம்பியால் பூட்டைத் திறந்து காட்டுவார். பிள்ளைகள் கை தட்டுவார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

நேற்று வியாழக்கிழமை, கோட்பாடுகள் தாளுக்குப் பரீட்சை. பரீட்சைக்குக் கால் மணி இருக்கும்போது, வினாத்தாளின் படம் முந்தின இரவே மாணவர்களின் செல்போன்களில் சுற்றியது தெரியவந்தது. துறை அலுவலகத்தில் போய்ப் பார்த்தால், இரும்பு பீரோ திறந்து கிடந்தது. பூட்டைச் சுற்றிக் கீறல். வினாத்தாள் கட்டின் முத்திரை அறுக்கப்பட்டிருந்தது. பரீட்சை ரத்து. மாலைக்குள் சாவிக்காரரைப் போலீஸ் அழைத்துப் போய்விட்டது. புதன்கிழமை சாயங்காலம் துறை அலுவலகத்துக்குள் அவர் போனதைப் பார்த்ததாக ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

அந்த ஒருவர் பேராசிரியைதான்.

உள்ளே இருந்து தங்கை வந்தாள். காப்பீட்டுக் கம்பெனியில் நஷ்டம் சரிபார்ப்பது அவள் வேலை. எரிந்த கடை, நொறுங்கிய கார், உடைந்த ஷட்டர் என்று பதினைந்து வருடமாகப் பார்த்துப் பார்த்து, எதற்கும் குரலை உயர்த்தாத பழக்கம் வந்திருந்தது. அக்காவைப்போல அவள் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. அதைப் பற்றி அவளுக்குக் குறையும் இல்லை.

"உக்காருங்க," என்றாள். "மெதுவாச் சொல்லுங்க."

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கோர்ட்டுல நிறுத்திடுவாங்களாம். அவரு எடுக்கலைங்க. எடுத்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பாரு. பழைய கதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே ஒண்ணு விடாம சொன்னவரு." அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். "புதன்கிழமை மழையில தொப்பலா நனைஞ்சு வந்தாரு. அதுலேர்ந்து ஒரே இருமல். ஸ்டேஷன்ல இந்த மருந்தைக்கூட வாங்கிக்க மாட்டேங்கறாங்க."

"அன்னிக்கு சாயங்காலம் எங்க இருந்தாராம்?"

"சொல்ல மாட்டேங்கறாரு."

"உங்களுக்குத் தெரியுமா?"

அவள் மருந்துப் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினாள். பிறகு தங்கையிடம் மட்டும் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொன்னாள்: "பொண்ணோட ஸ்கூல்ல கூப்பிட்டிருந்தாங்க, அப்பா அம்மா வரணும்னு. எனக்கு மில்லுல ஷிப்ட். அவருதான் நாலு மணிக்கே போனாரு. அங்க யாருக்கும் அவரு உள்ள இருந்தவருன்னு தெரியாதுங்க. போலீஸ் போய் விசாரிச்சா தெரிஞ்சிடும். அதுக்கு ஜெயிலே மேல்னு உக்காந்திருக்காரு. நான் இதைச் சொன்னேன்னு தெரிஞ்சா எங்கூடப் பேசவே மாட்டாரு."

பேராசிரியை சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தவளுக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவள் அதைத் தொடவில்லை.

*

கல்லூரிக்குப் போகும் பேருந்தில் அக்காதான் ஓயாமல் பேசினாள். தங்கைக்கு உதவப் போவதாகச் சொல்லித்தான் கூட வந்தாள். உண்மையில் தான் சொன்னது சரியென்று காட்ட வேண்டும் என்ற துடிப்பு அவளுக்குள் இருந்தது.

"இது உணர்ச்சி விஷயமில்ல டீ. குற்றம் நடக்க மூணு சேரணும். செய்யத் துணிஞ்ச ஆள், கைக்கு எட்டுற பொருள், தடுக்க ஆளில்லாத நேரம். புதன்கிழமை அஞ்சரை மணிக்கு மூணும் இருந்துச்சு. அதோட, ஆசை பெருசு, வழி சின்னது. பொண்ணை நல்லாப் படிக்க வைக்கணும்னு அவருக்கு வெறி. பீரோவைத் திறந்து கொடுத்தா ஏதோ ஒரு பையன் கைநிறையக் கொடுத்திருப்பான். திருட்டும் மத்த தொழில் மாதிரி கத்துக்கிற ஒண்ணுதான். கத்துக்கிட்ட கை சும்மா இருக்காது."

"சரி," என்றாள் தங்கை. "அன்னிக்கு பீரோ சாவி எத்தனை பேர்கிட்ட இருந்துச்சு?"

"ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு எங்க டிபார்ட்மெண்ட் ஹெட்கிட்ட."

"அஞ்சரை மணிக்கு நீயும் அங்கதானே இருந்த?"

"ஆமா. எதிர் வராந்தாவுல."

"நீ சொன்ன மூணும் உனக்கும் பொருந்துது அக்கா."

பேராசிரியைக்குச் சுருக்கென்றது. "என்னடி பேசற?"

"குத்தமா சொல்லல. யாருக்கு வேணும்னாலும் பொருந்துறதை வெச்சு ஒருத்தரைப் பிடிக்க முடியாதுன்னு சொன்னேன்." தங்கை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்: "என்ன பாத்த?"

"அவரைப் பாத்தேன். முற்றத்தைக் கடந்தார். ஆபீஸ் ரூமுக்குள்ள போனார்."

"என்ன போட்டிருந்தாரு?"

அக்கா தயங்கினாள். "அவரோட நீல மழைக்கோட்டு. எப்பவும் ஆபீஸ் ஆணியில மாட்டியிருக்குமே, அது. அன்னிக்கு மழையாச்சே."

"தலையில?"

"கோட்டோட தொப்பி."

"மழைக்கோட்டு விஷயத்தை இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னியா?"

"அவர் கேக்கல."

"வேற யார்கிட்டயாவது?"

"இல்ல. உங்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

தங்கை தலையாட்டினாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று பேராசிரியைக்குத் தோன்றியது. நேற்று இன்ஸ்பெக்டர், "முகத்தைப் பாத்தீங்களா?" என்றுதான் கேட்டார். பக்கத்தில் துறைத் தலைவர் நின்றிருந்தார். சற்று முன்னால்தான் அவர் யாரிடமோ வருத்தத்தோடு, "இந்த மாதிரி ஆளையெல்லாம் வேலைக்குச் சிபாரிசு பண்றப்போ யோசிக்கணும்," என்று சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. "பாத்தேன்," என்று அவள் சொன்னாள். இரண்டாவது முறை சொன்னபோது அது உண்மைபோலவே இருந்தது. மூன்றாவது முறை எழுதும்போது அவளுக்கு முகமே தெரிந்தது.

*

துறை அலுவலகம் ஒரு நீள அறை. இடப்பக்கம் டைப்பிஸ்டின் மேசை, வலப்பக்கம் பீரோ. கதவுக்குப் பின்னால் மூன்று ஆணிகள். நடு ஆணியில் நீல மழைக்கோட்டு தொங்கியது.

தங்கை பீரோவின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தாள். சாவித்துவாரத்தைச் சுற்றி ஏழெட்டுக் கீறல்கள். அதில் ஒன்று நீளமாக ஓடிக் கதவின் ஓரத்துக்கு வந்திருந்தது. அவள் கதவைப் பாதி திறந்து, விளிம்பில் வெளிச்சம் அடித்தாள். பிறகு விரலை வைத்துத் தடவினாள்.

"அக்கா, சாவிக்காரர் உன் கிளாசுல பூட்டைத் திறப்பாரே, எவ்வளவு நேரமாகும்?"

"அரை நிமிஷம்கூட ஆகாது. போன வருஷம் பிள்ளைங்களை இங்கயே கூட்டிவந்தேன், இதே பீரோவைத்தான் திறந்து காட்டினார்." சொல்லி முடிக்கும்போது அவள் குரல் இறங்கியது. ஒரு மனிதனின் கெட்ட காலத்தைக் கம்பியோடு கையில் கொடுத்து, பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டச் சொன்னோமே என்று முதல் முறையாக நினைத்தாள்.

"அப்போ கீறல் விழுந்துச்சா?"

"இல்ல. ஒண்ணுகூட."

டைப்பிஸ்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இருவரையும் பார்த்தாள். முப்பது வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்தவள்.

"நான் நாலரை பஸ்ஸுக்குப் போயிட்டேன், என்னைக் கேக்காதீங்க," என்றாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த மனுஷன் என் பர்ஸை இந்த மேசைமேல எத்தனை தடவை பாத்திருப்பாரு. எடுத்து எங்கிட்ட கொடுத்து, டிராயர்ல வெச்சுப் பூட்டச் சொல்லிட்டுப் போவாரு."

"வினாத்தாளை நீங்கதான் அடிச்சீங்களா?"

"நான்தான். இந்தத் தடவை மேடம்தான் கேள்வி எழுதினாங்க. ஹெட்டோட அண்ணன் பொண்ணு இந்தப் பரீட்சை எழுதுது, அதனால அவரு தொடக்கூடாது. முதல் தடவை அடிச்சுக் கொடுத்தப்போ நாலாவது கேள்வியில ஒரு தப்பு விழுந்துடுச்சு. மேடம் சிரிச்சுட்டாங்க. திருத்தித் தந்தாங்க, மறுபடி அடிச்சேன். அதைத்தான் அறுபத்திரண்டு காப்பி எடுத்துக் கட்டி முத்திரை வெச்சோம்."

"தப்பு விழுந்த தாளு எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு மேடத்துக்கு. ஒண்ணு..." டைப்பிஸ்ட் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். "பழக்க தோஷங்க. எது அடிச்சாலும் ஹெட் மேசையில ஒண்ணு வெச்சுடுவேன்."

அப்போது துறைத் தலைவர் உள்ளே வந்தார். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்த மனிதர். நடக்கும்போதுகூடத் தரைக்கு வலிக்குமோ என்பதுபோல நடப்பார். தங்கையைப் பார்த்துக் கை கூப்பினார்.

"நீங்க வந்திருக்கறதா சொன்னாங்க. பாருங்கம்மா, தாராளமாப் பாருங்க. எனக்கே மனசு ஆறல. பாவம், அவனுக்கும் குடும்பம் இருக்கு. ஆனா புத்தி போகுதா? கொட்டுற மழையில கோட்டை மாட்டிக்கிட்டு வந்து, வேலையை முடிச்சிட்டு, நல்ல பிள்ளையா ஆணியில மாட்டிட்டுப் போயிருக்கான்."

"உங்க சாவி உங்ககிட்டயே இருந்துச்சா சார்?"

"என் பாக்கெட்டை விட்டு வெளிய போனதே இல்லை. அதுல நான் ரொம்பக் கண்டிப்பு."

அவர் தம் அறைக்குப் போனார். தங்கை அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பேராசிரியை மழைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்போன்ல வந்த படம் உங்கிட்ட இருக்கா?" என்று கேட்டாள் தங்கை.

"இருக்கு. நேத்து ஒரு மாணவி அனுப்பினா."

"நாலாவது கேள்வியைப் படி. மனசுல இருக்கறதைப் படிக்காத. கண்ணுல தெரியறதை எழுத்துக்கூட்டிப் படி."

பேராசிரியை செல்போனைக் கிட்டத்தில் பிடித்தாள். "முத்திரை குத்தல்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். மறுபடி பார்த்தாள். "முத்திரை குத்தகைக் கோட்பாட்டை உதாரணத்துடன் விளக்குக."

குத்தல் குத்தகையானதைப் பார்த்து அவளேதான் சிரித்தாள், அவளேதான் சிவப்புப் பேனாவால் சுழித்தாள். அதே படத்தை நேற்றிலிருந்து இருபது தடவையாவது பார்த்திருப்பாள். ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. ஒருவன்மேல் திருடன் என்று முத்திரை குத்திவிட்டால், பிறகு ஊர் அவனைப் பார்ப்பதில்லை, முத்திரையைத்தான் பார்க்கிறது என்று பன்னிரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறாள். அதே கேள்விதான் அது.

"கட்டுல இருந்த தாளை யாரும் படம் எடுக்கல," என்றாள் தங்கை. "இது பழைய தாள். இதுல சிவப்பு மையும் இல்ல."

பேராசிரியை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

*

மதியம் மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். தலைவரின் அறையில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள்: தலைவர், டைப்பிஸ்ட், இன்ஸ்பெக்டர், அக்கா, தங்கை. இன்ஸ்பெக்டருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "பத்து நிமிஷம்," என்றார்.

"போதும் சார்," என்றாள் தங்கை. "நான் பாக்கற வேலையில, கடையைத் தானே உடைச்சுட்டு நஷ்டஈடு கேக்கறவங்க மாசத்துக்கு ரெண்டு பேராவது வருவாங்க. அவங்க எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வாங்க. பூட்டு உடைஞ்ச மாதிரி தெரியணுமேன்னு அதிகமாக் கீறுவாங்க. வாங்க, காட்டறேன்."

அலுவலக அறைக்கு அழைத்துப் போய் பீரோக் கதவைத் திறந்தாள். நீளக் கீறல் கதவின் முகத்திலிருந்து ஓரத்துக்கு வந்து, மடிந்து, விளிம்பின் உள்பக்கமும் விரற்கடை தூரம் போயிருந்தது.

"கதவு சாத்தியிருந்தா இந்த விளிம்பு வெளியே தெரியாது. இங்க எந்தக் கம்பியும் பட முடியாது. அப்போ கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் கீறியிருக்காங்க. திறந்தது சாவியால. சாவிக்காரருக்குக் கீறவும் வேண்டாம், சாவியும் வேண்டாம். அது இந்தக் காலேஜுக்கே தெரியும்."

இன்ஸ்பெக்டர் குனிந்து விளிம்பைப் பார்த்தார். கடிகாரத்தை மறந்துவிட்டார்.

"அடுத்தது படம்." தங்கை குத்தகைக் கதையைச் சொன்னாள். டைப்பிஸ்ட் ஆமாம் என்று தலையாட்டினாள். "ஆக, தாள் வெளிய போனது பீரோலேர்ந்து இல்ல. தப்பு விழுந்த தாளிலேர்ந்து. பீரோவைத் திறந்தது அதை மறைக்கறதுக்கு."

துறைத் தலைவர் தொண்டையைச் செருமினார். "நல்லா யோசிக்கறீங்கம்மா. ஆனா சாவி ரெண்டு பேர்கிட்ட. பழைய தாளும் ரெண்டு பேர்கிட்ட. சிவப்பு மை இல்லைங்கறீங்க. திருத்தறதுக்கு முன்னாடியே படம் எடுத்திருக்கலாமே. உங்க அக்காவை நான் சந்தேகப்படல. ஆனா கணக்குன்னு பாத்தா ரெண்டு பேரும் ஒண்ணுதானே?"

இன்ஸ்பெக்டரின் பார்வை பேராசிரியையின் பக்கம் திரும்பியது. நேற்றுவரை அவளைச் சாட்சியாகப் பார்த்த கண். இப்போது அதில் வேறு ஏதோ வந்திருந்தது. பார்வை அவள் கைப்பையிலும் கைவிரல்களிலும் நின்று நின்று போயிற்று. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அவள் தன்னையறியாமல் கைப்பையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். இதை ஒருவர் இருபது வருடமாகச் சுமக்கிறார்.

"சார் சொல்றது சரிதான்," என்றாள் தங்கை. "என்னால இதுவரைக்கும்தான் வர முடியும். மிச்சம் எனக்குத் தெரியும். ஆனா அதை நான் சொன்னா செல்லாது. அக்காதான் சொல்லணும்."

தங்கை அக்காவைப் பார்க்கவில்லை. டார்ச்சைக் கைப்பைக்குள் வைப்பதில் மும்முரமாக இருந்தாள். சொல்லாமல் இருந்துவிடவும் அவள் வழி விட்டிருக்கிறாள் என்பது பேராசிரியைக்குப் புரிந்தது. வாயைத் திறக்காவிட்டால் இரண்டு மரியாதைக்குரிய மனிதர்கள்மேல் லேசான சந்தேகம், பழைய கைதி ஒருவர்மேல் பலமான சந்தேகம். அது எப்படி முடியும் என்று அவளுக்குப் புள்ளிவிவரத்தோடு தெரியும்.

"நான் முகத்தைப் பாக்கல," என்றாள்.

"என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முதுகைத்தான் பாத்தேன். நீல மழைக்கோட்டு. தலையில அதோட தொப்பி. அது யாரா வேணும்னாலும் இருக்கலாம். முகம் தெரியலைன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்களோன்னு மழைக்கோட்டைப் பத்தியே நான் சொல்லல. உங்ககிட்ட சொல்லல. எழுதிக் கொடுத்ததுல இல்ல. இன்னிக்குக் காலையில பஸ்ல வர்றப்போ இவகிட்ட சொன்னேன். அதுக்கு முன்னாடி இந்த உலகத்துல யார்கிட்டயும் சொல்லல." அவள் ஆணியில் தொங்கிய மழைக்கோட்டைக் காட்டினாள். "காலையில ஹெட் எங்ககிட்ட சொன்னார், கோட்டை மாட்டிக்கிட்டு வந்து வேலையை முடிச்சிட்டு ஆணியில மாட்டிட்டுப் போயிட்டான்னு. திருடன் மழைக்கோட்டு போட்டிருந்தான்னு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். பாத்த எனக்கு. போட்டவருக்கு."

"நானும் கேட்டேங்க," என்றாள் டைப்பிஸ்ட் மெதுவாக. "என் மேசைக்கு எதிர்லதான் சொன்னாரு."

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள் தங்கை. "சாவிக்காரர் அன்னிக்குத் தொப்பலா நனைஞ்சு வீட்டுக்குப் போயிருக்காரு. இப்பவும் உங்க ஸ்டேஷன்ல இருமிக்கிட்டிருக்காரு சார். கோட்டு அவர் மேல இருந்திருந்தா ஏன் நனையறாரு? மழை வர்றதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாரு. கோட்டு இங்க ஆணியிலதான் இருந்திருக்கு."

துறைத் தலைவர் கைக்குட்டையை எடுத்தார். முகத்தைத் துடைக்கவில்லை. அதை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

"அண்ணன் சாகும்போது அந்தப் பொண்ணைக் கையில பிடிச்சுக் கொடுத்துட்டுப் போனாரு," என்றார் கடைசியில். "ரெண்டு தடவை இதே பரீட்சையில போயிடுச்சு. நான் வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில வெச்ச தாளைப் படம் எடுத்து, சிநேகிதி ஒருத்திக்கு அனுப்பிட்டா. புதன்கிழமை நாலு மணிக்கு அழுதுக்கிட்டே போன் பண்ணினா. ராத்திரிக்குள்ள பரவிடும்னு தெரிஞ்சு போச்சு. எனக்கு வேற வழி தோணல. பீரோ உடைஞ்சிருந்தா வெளியாள் யாரோன்னு போயிடும்னு நெனச்சேன்."

"வெளியாள் யாரோ," என்று திருப்பிச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

"சத்தியமா நான் அவன் பேரைச் சொல்லல. ஒருத்தர்கிட்டகூட, ஒரு தடவைகூட." தலைவர் பேராசிரியையை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. "நான் சொல்ல வேண்டிய அவசியமே வரல. நீங்கதான் முதல்ல சொன்னீங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே அறைக்குள் இருந்தன.

*

ஸ்டேஷனில் பழைய வாக்குமூலத்தை ரத்து செய்ய ஒரு தாள் கொடுத்தார்கள். நடுத்தர வயதுக் காவலர் ஒருவர் எழுத வேண்டிய இடங்களை விரலால் காட்டினார். பெயர், முகவரி, தொழில். பேராசிரியை எல்லாவற்றையும் நிரப்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினாள். கீழே ஒரு வரி காலியாக இருந்தது.

"முன்னாடி தவறாகச் சொன்னதற்கான காரணம்," என்று படித்துக் காட்டினார் காவலர். "சும்மா ஒரு வரி எழுதுங்க மேடம். ஞாபகப் பிசகுன்னு எழுதினாலே போதும். எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க."

மனிதர்கள் ஏன் தப்புச் செய்கிறார்கள் என்பதைப் பற்றி முந்நூற்றுப் பத்துப் பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவள் அவள். வறுமை, வளர்ப்பு, சேர்க்கை, வாய்ப்பு என்று அதில் ஒன்பது அத்தியாயங்கள். தப்புச் செய்கிறவன் முதலில் தன் மனசாட்சிக்கு ஒரு சமாதானம் தயார் செய்துகொள்கிறான் என்று ஏழாவது அத்தியாயத்தில் எழுதியிருந்தாள். ஞாபகப் பிசகு. எவ்வளவு சுலபமான சொல். பேனாவை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் மின்விசிறி தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தங்கை ஒரு விரலால் தாளின் மூலையை அழுத்திப் பிடித்தாள்.

"அவரை வேலைக்குச் சேர்த்தது நான். பழி என்மேல் வரும் என்று பயந்து, அதற்குமுன் அவர்மேல் போட்டேன்," என்று பேராசிரியை எழுதினாள். வரி போதாமல் ஓரத்தில் மேல்நோக்கி எழுதி முடித்தாள்.

காவலர் படித்தார். அவளை ஒரு முறை பார்த்தார். "இதை வெச்சு உங்க மேலயே கேஸ் போடலாம் மேடம்," என்றார்.

"தெரியும். போடுங்க."

ஐந்து மணிக்குச் சாவிக்காரர் வெளியே வந்தார். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. செருப்பைக் காணோம் என்று உள்ளே தேடிக்கொண்டிருந்தவர், கிடைக்காமல் வெறுங்காலோடு வந்தார். படியில் காத்திருந்த மனைவி மருந்துப் பாட்டிலைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். பிறகுதான் பேராசிரியையைக் கவனித்தார்.

"ஸ்கூலுக்கு யாராவது போனாங்களா மேடம்?" என்று கேட்டார். அதுதான் முதல் கேள்வி.

"யாரும் போகல. அதுக்கு அவசியமே வரல."

அவர் கண்ணை மூடித் திறந்தார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அவளிடம் கோபித்துக்கொள்ளவில்லை.

"தப்பு என்னோடது," என்றாள் பேராசிரியை. வழி முழுக்க யோசித்துவைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "நான் உங்க முகத்தைப் பாக்கல. பாத்தேன்னு சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்குக் கூசுது."

அவர் கொஞ்ச நேரம் இருமினார். அடங்கியபின், "எனக்கு நல்லது செஞ்சவங்க நீங்க," என்றார். "அதை நான் மறக்கல. வேலைக்குத் திங்கட்கிழமை வந்துடறேன். ஆனா கிளாசுக்கு என்னைக் கூப்பிடாதீங்க மேடம். இனிமே பேசறதுக்கு வரமாட்டேன்."

"கூப்பிட மாட்டேன்."

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இன்னொரு நாள் ஆபீஸ்ல ஏதாவது காணாமப் போகும். போகாம இருக்காது. அன்னிக்கு உங்க மனசு முதல்ல யார்கிட்ட போகும்?"

உங்களிடம் இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் அவர் கேட்டுக்கொண்டு போயிருப்பார். மனைவியும் தங்கையும்கூட நிம்மதியாகியிருப்பார்கள். ஆனால் இந்தக் கட்டடத்துக்குள் அவள் ஏற்கெனவே ஒரு பொய் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"தெரியல," என்றாள். "உங்ககிட்ட போகக்கூடாதுன்னு இருக்கு. போகாதுன்னு சொல்ல என்னால முடியல."

சாவிக்காரர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமா, ஆறுதலா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. எத்தனையோ வருடமாக வகுப்பில் நிறுத்திப் பார்த்த முகம். இன்றுதான் அதை நேராகப் பார்க்கிறாள்.

"சரிங்க மேடம்," என்றார் அவர். மனைவியின் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். சற்றுத் தூரம் போனதும் மனைவி தன் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் போட்டாள். அவர் வேண்டாம் என்று கையசைத்தார். அவள் கேட்கவில்லை. அவருடைய பாதத்துக்குப் போதாத அந்தச் செருப்பில் குதிகால் வெளியே தொங்க, அவர் மெல்ல நடந்து தெருமுனை திரும்பினார்.